பால் மறக்கும் பருவம்: வாசகர் கேள்விகளும் குழந்தைநல மருத்துவரின் பதில்களும்

இம்மாதம் வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை தாய்ப்பாலை எப்போது, எப்படி நிறுத்துவது, பசும்பாலை எவ்வளவு கொடுப்பது என்பதைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கிக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு மாதம் முடியப்போகிறது. இரண்டு வாரத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். இப்போதே பசும்பால் கொடுத்துப் பழக்கிவிடலாம் என்கிறார் என் மாமியார். ஒரு வயது முடியட்டும் என்கிறார் தடுப்பூசி போடும் மருத்துவர். ஒரே மாதத்தில் அப்படி என்ன மாறிவிடப்போகிறது?

பதில்: முதல் பிறந்தநாளுக்கு மறுநாள் குழந்தையின் குடலும் சிறுநீரகமும் திடீரென்று முதிர்ந்துவிடுவதில்லை என்பது உண்மைதான். பன்னிரண்டு மாதம் என்ற எல்லை, பெரும்பாலும் அந்த வயதில் குழந்தை வேறு என்னென்ன சாப்பிடத் தொடங்கியிருக்கிறது என்பதை வைத்து வகுக்கப்பட்டது.

100 மி.லி. தாய்ப்பாலில் புரதம் ஏறத்தாழ 1 கிராம். அதே அளவு பசும்பாலில் 3.3 கிராம். சோடியம் ஏறத்தாழ மூன்று மடங்கும், கால்சியம் ஏறத்தாழ நான்கு மடங்கும் பசும்பாலில் அதிகம். கன்று சில மாதங்களிலேயே பெருத்து வளர வேண்டிய உயிர் என்பதால் அதற்கு இந்த விகிதம் பொருந்துகிறது. சிறு குழந்தைக்கோ, தேவைக்கு மிஞ்சிய புரதக் கழிவையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றக் கூடுதல் நீர் செலவாகிறது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடல் விரைவில் வறண்டுவிடும்.

இதைவிட முக்கியமானது இரும்புச் சத்து. கருவில் இருக்கும்போது சேர்த்துவைத்த இரும்பு, ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஏழு முதல் பன்னிரண்டு மாதம் வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 11 மி.கி. இரும்பு தேவை என்று அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். வளர்ந்த ஆணுக்கு அவர்கள் வகுத்திருப்பது 8 மி.கி.தான். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு என்பதோடு, அதிலுள்ள கால்சியமும் கேசின் புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையும் தடுக்கின்றன. சில கைக்குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தக் கசிவையும் அது உண்டாக்குகிறது. வரவு குறைந்து செலவு கூடும் இந்த நிலையைத்தான் உங்கள் மருத்துவர் தவிர்க்கப் பார்க்கிறார். ஒரு வயதில் குழந்தை மூன்று வேளை உணவும் இடையில் ஏதேனும் தின்பண்டமும் உண்ணத் தொடங்கிவிடுவதால், பால் பல உணவுகளில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. தாய்ப்பாலின் இடத்தைப் பசும்பால் பிடிக்கிறது என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த இடத்தைப் பிடிக்க வேண்டியது தட்டில் இருக்கும் உணவு; பசும்பால் அதில் ஒரு பகுதி மட்டுமே.

இதில் மாற்றுக் கருத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தாய்ப்பால் கிடைக்காத ஆறு முதல் பதினோரு மாதக் குழந்தைகளுக்கு ஃபார்முலா பாலையோ விலங்குப் பாலையோ கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆனால் உங்கள் மகளுக்குத் தாய்ப்பால் கிடைக்கிறது; அவசரப்படக் காரணமில்லை. பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள்களும் கெடாமல் இருக்கும். காலையிலும் மாலையிலும் இரவிலும் நேரடியாகப் பாலூட்டிவிட்டு, பகலில் இதையும் உணவையும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போகலாம். வேலைக்குத் திரும்புவதும் பால் மறக்கடிப்பதும் ஒரே வாரத்தில் நடந்தாக வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

மாமியார் மனமும் கோண வேண்டாம். கஞ்சியில் சிறிது பசும்பால் சேர்ப்பதும், தயிர் ஊட்டுவதும் ஆறு மாதத்துக்குப் பின் தவறல்ல. முதன்மையான பானமாகக் கொடுப்பதற்கு மட்டுமே ஒரு வயது வரை காத்திருக்கச் சொல்கிறோம்.

கேள்வி: மகனுக்கு ஒரு வயது இரண்டு மாதம். ஒரு நாளில் ஆறேழு முறை தாய்ப்பால் குடிக்கிறான். அவனும் அழாமல், எனக்கும் பால் கட்டிக்கொள்ளாமல் நிறுத்த வழி சொல்லுங்கள். காம்பில் கசப்பாக எதையாவது தடவினால் இரண்டே நாளில் மறந்துவிடுவான் என்கிறாள் என் தோழி.

பதில்: நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது வரையிலும், விருப்பமிருந்தால் அதற்கு மேலும் தொடரலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டாம் ஆண்டிலும் குழந்தைக்குத் தேவையான ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு வரை தாய்ப்பாலிலிருந்து கிடைக்கக்கூடும். அதே சமயம், நிறுத்துவதென்று நீங்கள் முடிவெடுத்துவிட்டால் அதற்கு யாரிடமும் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை.

இரண்டு நாள்களுக்கு, அவன் எந்தெந்த நேரத்தில் எதற்காகக் குடிக்கிறான் என்று குறித்துவையுங்கள். ஆறேழு முறையும் ஒன்றுபோல் இருக்காது. ஒன்று பசிக்கு, ஒன்று தூக்கத்துக்கு, ஒன்று விழுந்து அடிபட்டதற்கு ஆறுதல், ஒன்று பொழுது போகாததற்கு. பொழுது போகாமல் குடிக்கும் அந்த ஒன்றை, பெரும்பாலும் முற்பகலிலோ பிற்பகலிலோ வருவதை, முதலில் விட்டுவிடுங்கள். அதன் பிறகு நான்கு முதல் ஏழு நாள்கள் வரை பொறுத்திருந்து அடுத்ததை விடுங்கள். குழந்தை உறிஞ்சுவது குறையக் குறையத்தான் சுரப்பு குறையும். அந்த இடைவெளி உங்கள் மார்புக்காகவும்தான். விடியற்காலையிலும் தூங்கும் முன்பும் குடிப்பவற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிய ஆறு வாரமோ எட்டு வாரமோ ஆகலாம்.

விட்டுவிட்ட வேளையில் வழக்கமாகப் பாலூட்டும் இடத்தில் உட்கார வேண்டாம். அந்த நாற்காலியில் நீங்கள் சாய்ந்த மாத்திரத்தில் அவன் விளையாட்டை விட்டுவிட்டு வந்து மடியில் ஏறுவான், கையால் துணியை விலக்குவான். அந்த நேரத்தில் மறுப்பது இருவருக்குமே கடினம். அவன் கேட்கும் நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே உணவு கொடுத்துவிட்டு, 50 மி.லி. பசும்பாலைக் கிண்ணத்திலோ சிறிய டம்ளரிலோ கொடுங்கள். முதல் சில நாள்கள் இதை அவனுடைய அப்பாவோ பாட்டியோ செய்வது நல்லது. அம்மா எதிரில் இருக்கும்போது டம்ளரை வாங்கிக்கொள்ளப் பல குழந்தைகளுக்கு மனம் வருவதில்லை.

100 மி.லி. தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் பால்சர்க்கரை இருக்கிறது. பசும்பாலில் 5 கிராமுக்கும் சற்றுக் குறைவு. இனிப்பு குறைந்திருப்பதைக் குழந்தை உடனே கண்டுகொள்ளும். முகம் சுளித்தால், பீய்ச்சிய தாய்ப்பால் மூன்று பங்கும் காய்ச்சி ஆறவைத்த பசும்பால் ஒரு பங்குமாகக் கலந்து தொடங்கி, மூன்று நாளுக்கு ஒரு முறை விகிதத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள். பசும்பால் வெதுவெதுப்பாக ஆறிய பிறகே கலக்க வேண்டும். தாய்ப்பாலைக் கொதிக்கவைக்கக் கூடாது. கலந்து கொடுத்ததில் மிச்சம் இருந்தால் எடுத்துவைக்க வேண்டாம். இத்தனைக்கும் நடுவில் அவனாக வந்து கேட்டு, வேறு எதிலும் மனம் திரும்பாமல் அழுதால் கொடுத்துவிடுங்கள். நீங்களாக அழைத்துக் கொடுக்காமல் இருப்பதே பாதி வேலையை முடித்துவிடும்.

கசப்பு தடவுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சில குழந்தைகள் அதில் சட்டென்று விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் ஆறுதலுக்காக வந்த இடத்திலேயே அவனை மிரளவைப்பதாகும். திடீரென்று நின்றுபோவதால் பால் கட்டிக்கொண்டு அவதிப்படப்போவது நீங்கள். தடவும் பொருள் அவன் வயிற்றுக்குள் போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீடு மாறுதல், பராமரிப்பவர் மாறுதல் ஆகியவை நடக்கும் நாள்களில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பால் குடிக்காத வேளையிலும் மடி அவனுக்குக் கிடைக்கட்டும். முதுகைத் தடவிக்கொடுப்பதையும் கதை சொல்வதையும் அந்த நேரத்துக்கென்று ஒதுக்கிவிட்டால், சில நாளில் அவன் வந்து கேட்பது அதைத்தான்.

கேள்வி: பதினைந்து மாதக் குழந்தை பசும்பாலைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறாள். சர்க்கரையோ சத்துமாவுப் பொடியோ கலந்து பார்த்தால் என்ன? பால் குடிக்காமல் எலும்பு எப்படி உறுதிப்படும் என்று வீட்டில் எல்லோரும் கவலைப்படுகிறார்கள்.

பதில்: பால் குடித்தே ஆக வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. ஒன்று முதல் மூன்று வயது வரை நாளொன்றுக்கு 500 மி.கி. கால்சியம் போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் பரிந்துரைத்திருக்கின்றன. 100 மி.லி. பசும்பாலில் ஏறத்தாழ 120 மி.கி. இருக்கிறது, ஒரு கிண்ணம் தயிரிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். காலையில் பாலில் வேகவைத்த கஞ்சி, மதியம் தயிர், மாலையில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி என்று கொடுத்தால், டம்ளர் பாலே இல்லாமல் தேவையில் பெரும்பகுதி நிறைந்துவிடும். இன்னும் தாய்ப்பாலும் குடிக்கிறாள் என்றால் கவலைக்கு இடமே இல்லை.

சர்க்கரை வேண்டாம். இரண்டு வயது வரை உணவில் சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது; இப்போது பாலில் சேர்த்துவிட்டால் பிறகு அதை எடுப்பது தாய்ப்பாலை நிறுத்துவதைவிடப் பெரிய போராட்டமாகிவிடும். கடையில் விற்கும் பொடிகளில் பலவற்றில் சர்க்கரைதான் முதன்மையான பொருள். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். பாதாம், ஓட்ஸ், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் பானங்களில் புரதம் மிகக் குறைவு என்பதால் அவை இந்த வயதில் பாலுக்கு ஈடாகா. சத்து செறிவூட்டப்பட்ட, இனிப்புச் சேர்க்காத சோயா பால் மட்டும் ஓரளவு ஈடாகும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேரன் ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் பால் குடிக்கிறான். சாப்பாட்டை ஊட்டினால் துப்பிவிடுகிறான். பாலாவது குடிக்கிறானே என்று விட்டுவிட்டோம். இப்போது வெளுத்துப்போய் இருக்கிறான். மலம் கல்லாகப் போகிறது. சுவரைச் சுரண்டித் தின்கிறான். சத்து போதவில்லையா?

பதில்: அம்மா, உங்கள் பேரனைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் இரும்புச் சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையைச் சுட்டுகின்றன. மண், சுண்ணாம்பு, பனிக்கட்டி போன்றவற்றைத் தேடித் தின்பது இந்தக் குறைபாட்டின் பரிச்சயமான அறிகுறி. சுவரில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறியிருக்கும். மூச்சு வாங்குதல், நெஞ்சு வேகமாக அடித்தல், எப்போதும் சோர்ந்து படுத்தல் ஆகியவை இருந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

இது ஏன் நேர்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 650 கலோரி. அவன் வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 900 கலோரி போதும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் டம்ளரிலேயே நிறைந்துவிட்டபின் பசி எங்கிருந்து வரும்? அவன் அடம் பிடிக்கவில்லை, வயிறு நிறைந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு லிட்டரில் இரும்பு அரை மில்லிகிராம்கூட இருக்காது. தேவையோ நாளொன்றுக்கு 7 மி.கி. எடை சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கொழுகொழுவென்று இருந்துகொண்டே இரத்தசோகைக்கு ஆளாகும் குழந்தைகள் இப்படித்தான் உருவாகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை வளர்ச்சிக்கு இரும்பு இன்றியமையாதது. அப்போது ஏற்படும் குறைவின் பாதிப்பு, பின்னால் மருந்து கொடுத்தாலும் முழுவதும் சரியாகாமல் போகக்கூடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரும்புச் சத்து மருந்தை மருத்துவர் எடைக்கேற்ப எழுதிக்கொடுப்பார். அதைப் பாலோடு சேர்த்தோ பால் குடித்த கையோடோ கொடுக்காதீர்கள். மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். அளவு சரியானதும் நிறுத்திவிடாமல், உடலில் சேமிப்பு நிரம்புவதற்காக மேலும் இரண்டு மூன்று மாதம் கொடுக்கச் சொல்வார்கள்.

பாலை ஒரு பத்து நாளில் 400 மி.லி. அளவுக்குக் கொண்டுவாருங்கள். தாய்ப்பால் குடிக்காத குழந்தை இறைச்சி, முட்டை, மீன் முதலியவற்றை வழக்கமாகச் சாப்பிட்டால் நாளொன்றுக்கு 200 முதல் 400 மி.லி. பாலும், அவற்றைச் சாப்பிடாவிட்டால் 300 முதல் 500 மி.லி. பாலும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதலில் இரவுப் பாலை நிறுத்துங்கள். பிறகு, உணவுக்கு முன் கொடுக்கும் பாலை உணவுக்குப் பின் தள்ளுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் அவன் அழுவான், நான்கு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டான். பட்டினி கிடக்கிறானே என்று மனம் இளகி வீட்டில் யாராவது ஒருவர் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சிக்கொண்டு வருவார். முயற்சி தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். முட்டை, இறைச்சி, மீன், பருப்பு, கீரை என்று ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். கூடவே தக்காளியோ ஆரஞ்சோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி, தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவும். தேநீர் கொடுத்துப் பழக்கியிருந்தால் அதை நிறுத்துங்கள். அது இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. மலச்சிக்கலும் பால் குறையும்போது பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

கேள்வி: ஒரு வயதுக் குழந்தைக்குப் பசும்பாலில் பாதித் தண்ணீர் சேர்க்க வேண்டுமா? கொழுப்பு நீக்கிய பால் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். பாதித் தண்ணீர் ஊற்றினால் சத்தும் பாதியாகிவிடுகிறது; வயிறு மட்டும் நிறையும். வளரும் மூளைக்குக் கொழுப்பு தேவை என்பதால் இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பாலையே கொடுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் மாடு இருக்கிறது. கறந்த சூட்டோடு பச்சைப்பாலைக் கொடுத்தால்தான் சத்து முழுதாகக் கிடைக்கும் என்கிறார்கள். பாக்கெட் பாலைவிட அது மேல்தானே?

பதில்: கறந்த சூடு என்பது மாட்டின் உடல் வெப்பம், ஏறத்தாழ 38 டிகிரி. கிருமிகள் பெருகுவதற்கு அதைவிட வசதியான சூடு இல்லை. பார்க்க நன்றாக இருக்கும் மாட்டின் பாலிலும் புரூசெல்லா, மாட்டுக் காசநோய்க் கிருமி, கடுமையான வயிற்றுப்போக்கையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் சில வகை ஈ கோலை ஆகியவை இருக்கக்கூடும். மாட்டுக்காரர் நம்பகமானவர் என்பதால் கிருமி வராமல் இருக்காது. பாலைக் கிளறிக்கொண்டே பொங்கும் வரை காய்ச்சி, விரைவாக ஆறவைத்து, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு நாளைக்குள் தீர்த்துவிடுங்கள். கொடுக்கும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள். காய்ச்சுவதால் குறைவது வைட்டமின் சி, ஃபோலேட் போன்ற சிலவே. புரதத்துக்கும் கால்சியத்துக்கும் பெரிய இழப்பில்லை. மேலே படியும் ஆடையை வடிகட்டிவிடுங்கள். பால் வேண்டாம் என்று துப்பும் குழந்தைகளில் சிலர் துப்புவது உண்மையில் அந்த ஆடையைத்தான்.

பாக்கெட் பால் பெரும்பாலும் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் கிருமி நீக்கப்பட்டது. வழியில் குளிர் விட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதையும் காய்ச்சிவிடுங்கள். டின்னில் வரும் இனிப்பூட்டிய கெட்டிப்பால் குழந்தைக்கான பாலே அல்ல.

கேள்வி: முதன்முறை பசும்பால் கொடுத்த அரை மணி நேரத்தில் வாயைச் சுற்றித் தடிப்பு வந்தது, இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பசும்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப்பால் கொடுக்கலாமா?

பதில்: மருத்துவரிடம் காட்டும் வரை பசும்பாலும் வேண்டாம், ஆட்டுப்பாலும் வேண்டாம். இது பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். ஆட்டுப்பால் புரதம் பசும்பால் புரதத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. அடுத்த முறை எதிர்வினை இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். உதடோ நாக்கோ வீங்கினாலோ, மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்டாலோ, குழந்தை துவண்டு விழுந்தாலோ ஒரு நிமிடமும் காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பால்சர்க்கரை செரியாமை இதிலிருந்து வேறுபட்டது. அதில் வயிறு உப்புசமும் பேதியும் இருக்கும், தடிப்பு வராது. தாய்ப்பாலில் பால்சர்க்கரை பசும்பாலைவிட அதிகம் என்பதால், தாய்ப்பாலை நன்றாகச் செரித்துக்கொண்டிருந்த ஒரு வயதுக் குழந்தைக்கு அது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு நோய்க்குப் பின் சில நாள் தற்காலிகமாக வருவதுண்டு. எனவே பால்சர்க்கரை நீக்கிய பாலை வாங்கி நீங்களாகவே சோதித்துப் பார்க்க வேண்டாம். அதிலும் அதே புரதம் இருக்கிறது. தாய்ப்பாலைத் தொடருங்கள். இந்த ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்குள் விலகிவிடுகிறது. ஆனால் மீண்டும் கொடுத்துப் பார்ப்பது மருத்துவர் மேற்பார்வையில் நடக்க வேண்டும்.

கேள்வி: உடல்நிலை காரணமாக ஒரே நாளில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. மார்பு கல்லாகக் கனத்து வலிக்கிறது. துணியால் இறுக்கிக் கட்டலாமா? பால் வற்ற மாத்திரை இருக்கிறதாமே?

பதில்: இறுக்கிக் கட்டாதீர்கள், பால் நாளங்கள் அடைபட்டு வலி கூடும். தாங்கிப் பிடிக்கிற, ஆனால் அழுத்தாத உள்ளாடை போதும். வலி தாங்காதபோது, கனம் சற்றுத் தளரும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சி விடுங்கள். முழுவதும் பீய்ச்சினால் உடல் அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டு மறுபடி சுரக்கும். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். வலிக்கு பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வேறு சிகிச்சையில் இருப்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் பால் வற்றும் என்பது வீண் துன்பம்.

மாத்திரை இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் சாதாரணமாக எழுதிக்கொடுக்கப்பட்ட புரோமோகிரிப்டின், இரத்த அழுத்தம் கூடுதல், வலிப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்துகள் தெரியவந்ததால், இந்தப் பயன்பாட்டுக்கு அமெரிக்காவில் 1990களில் விலக்கப்பட்டது. மருந்து தேவைதானா என்பதை உங்கள் உடல்நிலையை அறிந்த மருத்துவரே சொல்ல வேண்டும்; கடையில் கேட்டு வாங்காதீர்கள். மார்பில் ஒரு பகுதி சிவந்து சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அது மார்பழற்சி. ஒரு நாளுக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: தாய்ப்பாலை நிறுத்திப் பாட்டிலில் பசும்பால் கொடுக்கத் தொடங்கினோம். இப்போது பாட்டில் வாயில் இருந்தால்தான் தூங்குகிறான். ஒரு வயது ஐந்து மாதம் ஆகிறது.

பதில்: ஒரு பழக்கத்தை விடுவிக்க இன்னொரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறீர்கள், இதை விடுவிப்பதுதான் கடினமானது. தூங்கும்போது உமிழ்நீர் குறைந்துவிடுவதால் வாயில் தேங்கும் பால் முன்பற்களைச் சொத்தையாக்குகிறது. மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெண்கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அது சொத்தையின் தொடக்கம். பாலைப் படுக்கைக்கு அரை மணி நேரம் முன்பே டம்ளரில் கொடுத்து, பல் துலக்கிவிட்டு, பிறகு படுக்கவையுங்கள். பாட்டில் இல்லாமல் முடியாது என்றால் அதில் தண்ணீர் மட்டும் ஊற்றிக் கொடுங்கள்; பெரும்பாலான குழந்தைகள் சில இரவுகளில் அதில் ஆர்வம் இழந்துவிடுகிறார்கள். பதினெட்டு மாதத்துக்குள் பாட்டிலை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள்.

கேள்வி: மூத்தவளுக்கு ஒரு வயது நான்கு மாதம். மறுபடி கருவுற்றிருக்கிறேன். தாய்ப்பாலை உடனே நிறுத்தாவிட்டால் கரு தங்காது என்கிறார்களே?

பதில்: உங்கள் கர்ப்பம் சிக்கலின்றி இருந்தால் பாலூட்டுவதால் கரு கலையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முன்பு குறைப்பிரசவம் ஆகியிருந்தாலோ, இப்போது இரத்தப்போக்கு இருந்தாலோ, வயிற்றில் இரட்டைக் குழந்தைகள் இருந்தாலோ மகப்பேறு மருத்துவரின் முடிவுப்படி நடங்கள். நான்கைந்து மாதத்தில் பால் குறைந்து சுவையும் மாறுவதால், மகளே விட்டுவிடவும் கூடும். உங்கள் உணவிலும் இரும்பு மாத்திரையிலும் குறை வைக்காதீர்கள்.

கேள்வி: மனைவி பால் கொடுப்பதை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. குழந்தை பழகிவிட்டான். ஆனால் அவள்தான் காரணமின்றி அழுகிறாள், எரிந்து விழுகிறாள். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறேன்.

பதில்: காரணமின்றி அல்ல. பாலூட்டும்போது சுரக்கும் புரோலாக்டின், ஆக்சிடோசின் ஆகிய ஹார்மோன்கள் நிறுத்தியபின் குறைகின்றன. விரைவாக நிறுத்தியவர்களில் சிலருக்கு இது மனச்சோர்வாக வெளிப்படும். குழந்தை தன்னை எளிதாக விட்டுவிட்டது என்ற வருத்தமும் இதனோடு சேரக்கூடும். அதைக் கேலி செய்யாமல் கேளுங்கள். அவர் தூங்குவதற்கு வழி செய்துகொடுங்கள். இரவில் குழந்தை விழித்தால் நீங்கள் எழுந்து போங்கள். பால் கொடுத்த நேரத்தில் குழந்தையை அவர் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பதற்குத் தடையொன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வாழப் பிடிக்கவில்லை என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ சொன்னால் அன்றைக்கே போங்கள்.

கேள்வி: நிறுத்தி இரண்டு மாதம் ஆகியும் அழுத்தினால் சொட்டுப் பால் வருகிறது. ஏதேனும் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, சில மாதங்கள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் அப்படி வரலாம். வருகிறதா என்று அடிக்கடி அழுத்திப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். அந்தத் தூண்டலே சுரப்பை நீடிக்கவைக்கும். இரத்தம் கலந்து வந்தாலோ, அழுத்தாமலே ஒரு பக்கத்தில் மட்டும் கசிந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, மாதவிலக்கு நின்றுபோய்த் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தாலோ மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.